ஆற்றுப் பக்கம் வெட்டிய கிழங்கு

நீல நூல் போட்டுத் தைத்த அரிசி மூட்டை இருபதே நாளில் எசெலினாவின் வீட்டுக்குத் திரும்பி வந்துவிட்டது. மூலையில் எலி போட்ட ஓட்டையைப் பாவாடை தைக்கிற நூலால் தைத்து, ஒரு சாவு வீட்டுக்கு மரியாதையாக அனுப்பி வைத்தவள் அவளேதான். சாவு வீட்டுக்காரர்கள் அதை ஒரு கல்யாணத்துக்குக் கொடுத்திருப்பார்கள். கல்யாண வீட்டார் வேறெங்கோ தள்ளிவிட்டிருப்பார்கள். இப்போது அவள் கணவன் சோனிஸின் பெரியப்பா மகன், முழங்கால் வரை சேற்றோடு, அதையே தோளில் சுமந்து வந்து வாசலில் இறக்கி, படுத்திருக்கிற தம்பிக்கு எங்களால் ஆனது என்று தலையைக் குனிந்து நின்றார். எசெலினா நூலைப் பார்த்தாள், அவர் முகத்தைப் பார்த்தாள், வந்த சிரிப்பை விழுங்கிக்கொண்டு உங்களுக்குப் பெரிய மனசு என்றாள்.

கிட்டி ஊரில் ஒருவன் நோயில் படுத்துவிட்டால் அவன் வீடு நிறைந்துவிடும். அரிசி இப்போது ஒன்பது மூட்டை. டப்பா மீன் பெட்டி பெட்டியாகக் கட்டிலுக்கு அடியில். நூடுல்ஸ் அட்டைப்பெட்டிகள் ஜன்னலை மறைத்து நின்றன. பக்கத்து வீட்டு ஐஸ்பெட்டி முழுக்க இவர்களுக்கு வந்த வான்கோழி வால்கள், கொழுப்பு வெள்ளையாக உறைந்துபோய்க் கிடந்தன. வேண்டாம் என்று சொல்ல முடியாது, சொன்னால் கொண்டுவந்தவர் முகத்தில் அறைந்த மாதிரி. நோயாளி வீட்டுக்குக் கொல்லையில் வெட்டிய வாழைத்தாரோடு போகவும் யாருக்கும் மனம் வராது, பாவம் கையில் ஒன்றுமில்லை போல என்று ஊர் நினைத்துவிடும். ஆகவே சோனிஸைப் படுக்க வைத்தது எதுவோ அதையே ஊர் கூடிச் சுமந்து வந்து அவன் தலைமாட்டில் அடுக்கிக்கொண்டிருந்தது.

அவன் இடது பாதத்தில் ஒரு புண். வேலி முளை குத்தியது, குத்தியபோது தெரியவில்லை, இரண்டு நாள் கழித்து எசெலினாதான் தரையில் ரத்தத்தைப் பார்த்துச் சொன்னாள். சர்க்கரை பாதத்தை மரக்கட்டையாக்கி வைத்திருந்தது. புண் ஆறுவதாக இல்லை. பெரிய ஆஸ்பத்திரி டாக்டர் ஜனவரி மாத வாக்கில் ஒரு திங்கட்கிழமையைக் குறித்துக் கொடுத்திருந்தார். அதற்குள் புண் சுருங்கினால் சரி, இல்லையென்றால் கணுக்காலோடு எடுத்துவிடுவது. பொன்பெய் தீவில் மனிதனுக்கு மலை ஏறக் கால் வேண்டும், பெருவள்ளிக் கிழங்குக்குக் குழி வெட்டக் கால் வேண்டும், கொடியை மரத்தில் ஏற்றிவிடக் கால் வேண்டும். சோனிஸ் முப்பது வருடமாகக் கிழங்கு போடுகிறவன். பெரிய விருந்தில் வைத்த கிழங்குக்காக ஊர் ஆளும் பெருந்தலைவரிடம் இரண்டு பட்டங்கள் வாங்கியவன், மூன்றாவதுக்குக் காத்திருந்தவன். கால் போனால் என்ன மிஞ்சும் என்று எசெலினா யோசிக்கவே பயந்தாள்.

கால் கட்டு மாற்ற வருகிற நர்ஸ் கிமிக்கோ, சோனிஸின் சொந்த அக்கா மகள். இந்த ஊரில் தாய்மாமனிடம் வாய் காட்டக் கூடாது. அவள் மரியாதையெல்லாம் கட்டு அவிழ்க்கும் வரைதான்.

"மாமா, தீவுலயே நல்ல கிழங்கு நீங்க போடுறீங்க. அத ஊரு தின்னுது, பெருந்தலைவர் தின்னுறாரு. நீங்க மட்டும் வீட்டுல உக்காந்து டப்பாவ வழிச்சு நக்குறீங்க. கிழங்கு, சேம்பு, வாழை, கீரை. மண்ணுலேருந்து நேரா பானைக்கு வரணும். பையில வந்தது, பெட்டியில வந்தது எதையும் வாயில வைக்காதீங்க. இல்லாட்டி அந்தத் திங்கக்கிழமை நானே ரம்பத்த எடுத்துக் குடுப்பேன்."

சோனிஸ் கூரையைப் பார்த்துக்கொண்டு, சோறில்லாமல் தின்றால் அது சாப்பாடா, தீனி என்று முனகினான். அவன் சொன்னதில் ஊரே அடக்கம். கிழங்கு என்பது கொடுப்பதற்கு. முதல் கிழங்கு பெருந்தலைவருக்கு, அடுத்தது சாவுக்கு, கல்யாணத்துக்கு, பெரிய விருந்துக்கு. கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்து, கௌரவத்தால் வயிறு நிறைந்த சந்தோஷத்தில், சோறும் டப்பா மீனும் சோயா சாஸும் பிசைந்து தின்பான். எசெலினாவும் அப்படித்தான் பரிமாறிக்கொண்டிருந்தாள். தப்பு என்று ஒருநாளும் அவளுக்குத் தோன்றியதில்லை, அதை நினைத்துத்தான் இப்போது நெஞ்சு எரிந்தது.

அன்றைக்கே சோற்றுப் பானையைக் கவிழ்த்துவிட்டாள். தனக்கும் சேர்த்துத்தான், அவன் எதிரே உட்கார்ந்து தான் மட்டும் சோறு தின்ன அவளால் முடியாது. வருகிற மூட்டைகளை வாங்கி, அடுத்த சாவு எங்கே, அடுத்த கல்யாணம் எங்கே என்று காதைத் தீட்டிவைத்து அனுப்பிக்கொண்டிருந்தாள். சதுப்பில் நின்ற சேம்பு, முட்டை மஞ்சள் நிறத்தில் சதை உள்ள வாழைப்பழம், தேங்காய், கொல்லைக் கீரை, இவைதான் சமையல். முதல் வாரம் சோனிஸ் சண்டை போட்டான். இரண்டாவது வாரம் பேசவே இல்லை. மூன்றாவது வாரம் சேம்பு தீர்ந்துவிட்டது. சீமைப்பலாவுக்குக் காலமில்லை. வீட்டருகே போட்டிருந்த சின்னக் கிழங்குகள் இரண்டு சாவுகளுக்கும் ஒரு கோயில் திருநாளுக்கும் ஏற்கெனவே போய்விட்டிருந்தன. தலைமாட்டில் ஒன்பது மூட்டை அரிசியை வைத்துக்கொண்டு அடுத்த வேளைக்கு என்ன செய்வது என்று ஒரு பெண் தவித்ததை வெளியே சொன்னால் சிரிப்பார்கள்.

காட்டு வாழை ஏதாவது கிடைக்கும் என்று கூடையும் கத்தியுமாக மலையேறினாள். மாமனார் காலத்து நிலத்தைத் தாண்டி, பெண்கள் போகாத மேட்டுக்கும் மேலே போனாள். கிழங்குத் தோட்டம் ஆண்களின் இடம். ஒருவன் கொடியை இன்னொருவன் பார்க்கக் கூடாது, எங்கே போட்டான், எத்தனை போட்டான் என்று கேட்கக் கூடாது, பெண்டாட்டியும் கேட்கக் கூடாது. சின்ன வயதில் ஒரு கொடியைச் சுட்டிக்காட்டியதற்காக எசெலினாவின் விரலில் அவள் அம்மா போட்ட அடி இன்னும் நினைவிருந்தது. அதற்குப் பிறகு நாற்பத்தைந்து வருடமாக, வழியில் கிழங்குக் கொடி வந்தால் எதிர்ப்பக்கம் பார்த்துக்கொண்டு நடப்பாள். பார்க்காமலே பழகிய கண்ணுக்கு எது யாருடையது என்று எப்படித் தெரியும்.

ஆற்றுக்கு மேலே ஒரு காட்டு மாமரத்தின் அடியில் மழைக்குச் சரிவு பெயர்ந்திருந்தது. பெயர்ந்த இடத்தில் பன்றி முதுகளவுக்கு ஒரு பழுப்புத் தோல் தெரிந்தது. வேலி இல்லை, அடையாளம் இல்லை. இந்தச் செங்குத்தில் யார் வந்து கிழங்கு போடுவார்கள், எப்போதோ செத்தவர் யாரோ விட்டுப்போனது தானாக முளைத்திருக்கிறது என்று நினைத்தாள். பக்கவாட்டில் கத்தியை இறக்கித் தொடையளவு ஒரு துண்டு வெட்டினாள். வெள்ளைச் சதை, தோலுக்கு அடியில் மட்டும் லேசான ஊதா, பால் பட்டுக் கை அரித்தது. வெட்டுவாய் அழுகாமல் இருக்கச் சாம்பல் பூச வேண்டும் என்பது எந்தக் குழந்தைக்கும் தெரியும். எதை வெட்ட நேர்ந்தாலும் இருக்கட்டும் என்று கூடையில் வைத்திருந்த அடுப்புச் சாம்பலை எடுத்து, எந்த மண்ணோ, யார் போட்டதோ, மன்னிச்சுக்கோ என்று சொல்லிக்கொண்டே பூசினாள்.

அன்று மதியம் அதை வேகவைத்துத் தேங்காய்ப்பால் ஊற்றிக் கொடுத்தாள். சோனிஸ் முதல் கவளத்தை வாயில் வைத்தவன் மெல்லுவதை நிறுத்தினான். வெளியே மழையைப் பார்த்தான். அவள் அடுத்த சண்டைக்குத் தயாரானாள். அவன் மெதுவாக, ரொம்ப மெதுவாக மென்று விழுங்கி, இன்னும் கொஞ்சம் போடு என்றான்.

இரண்டு நாள் கழித்து மறுபடி போனாள். வெட்டுவாய் காய்ந்து, சாம்பலுக்கு அடியில் மெல்லிசாகப் புதுத் தோல் கட்டியிருந்தது. தொட்டுப் பார்த்தாள், விரலில் ஈரம் ஒட்டவில்லை. புருஷன் பாதத்தில் மூன்று மாதமாக நடக்காதது இந்த மண்ணுக்குள் இரண்டு நாளில் நடந்திருந்தது. எரிச்சலும் ஆச்சரியமுமாகப் பக்கத்தில் இன்னொரு துண்டு வெட்டினாள். அதற்கடுத்த முறை இன்னொன்று. ஒவ்வொரு தடவையும் இதோடு தீர்ந்துவிடும் என்றுதான் தோண்டுவாள். மண்ணைக் கொஞ்சம் தள்ளினால் அந்தப் பழுப்புத் தோல் இன்னும் உள்ளே போகும். ஏழெட்டுக் கிழங்கு சேர்ந்து கிடக்கிறது என்று முடிவு செய்துகொண்டாள். மழை பெய்தது, அவள் ஏறினாள், இறங்கினாள், வேகவைத்தாள், சுட்டாள், வாழையிலையில் பொதிந்து கல்லடுப்பில் வைத்தாள். வாரங்கள் போயின. சோனிஸ் தின்றான். ஒருநாளும் ஏது கிழங்கு என்று கேட்கவில்லை. கேட்பது மரியாதையும் இல்லை.

ஒரு காலை கிமிக்கோ விரலில் குத்தி ரத்தம் எடுத்து, மெஷினைப் பார்த்துவிட்டு, பேட்டரி போய்விட்டதா என்று திருப்பித் திருப்பித் தட்டினாள். இன்னொரு விரலில் குத்தினாள். அதே இறங்கிய எண். மாத்திரை அதே மாத்திரைதான், கூட்டவில்லை. கட்டை அவிழ்த்தபோது புண்ணின் ஓரம் இளஞ்சிவப்பாக உள்ளே நகர்ந்திருந்தது. ரொம்ப இல்லை, ஒரு நெல் அகலம். அந்த நெல் அகலத்தை மூன்று பேரும் தலையை முட்டிக்கொண்டு குனிந்து பார்த்தார்கள்.

"என்னத்த போடுறீங்க அத்தை?" என்றாள் கிமிக்கோ.

"கிழங்கு."

"யாரு கிழ..." என்று தொடங்கியவள் நாக்கைக் கடித்துக்கொண்டு பஞ்சை எடுக்கத் திரும்பினாள். சோனிஸ் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

கிறிஸ்துமஸுக்கு முந்தைய வாரம் மூன்று நாள் விடாத மழை. நான்காம் நாள் எசெலினா ஏறியபோது மாமரத்தடி கழுவித் துடைத்த மாதிரி இருந்தது. சருகெல்லாம் அடித்துக்கொண்டு போயிருந்தது. கொடிப் பக்கம் கண்ணை ஏற்றியே பழக்கமில்லாதவள் அப்போதுதான் மரத்தைச் சுற்றிய கயிற்றைப் பார்த்தாள். தென்னை நாரில் முறுக்கிய கயிறு, கொடியை அடிமரத்திலிருந்து கிளைக்கு ஏற்றிக் கட்டியிருந்தது, அதற்கு மேலே இன்னொரு கட்டு, அதற்கும் மேலே இன்னொன்று, கண்ணுக்கு எட்டும் வரை. முடிச்சுகள் எல்லாம் வலமிருந்து இடமாக. அந்த முடிச்சு அவளுக்குத் தெரியும். அவள் வீட்டுக் கூரையில், கோழிக்கூண்டில், பிள்ளைகளின் தொட்டிலில் எல்லாம் அந்த முடிச்சுதான். கிட்டியில் இடது கையால் முடிச்சுப் போடுகிறவன் ஒருவன்தான்.

கூடையைக் கீழே வைத்தாள். குனிந்து, தான் தோண்டிய இடத்துக்கு மேலே மண்ணை விரலால் விலக்கினாள். உளுத்த மரத்தூள், மட்கிய இலை, தேங்காய் மட்டை, வரிசை வரிசையாக, மெத்தை போட்டது போல. நான்கு வருடமாக அவன் விடிந்ததும் காணாமல் போய்த் தோளில் இலைக்குப்பையோடு எங்கே போனான் என்று இப்போது தெரிந்தது. எசெலினா மண்டியிட்டு இரண்டு கையாலும் மண்ணைத் தள்ளினாள். தோல் போய்க்கொண்டே இருந்தது. பள்ளத்திலிருந்து மேட்டுப் பக்கம் நாலு எட்டு தள்ளிப் போய்த் தோண்டினாள், அங்கேயும் அதே தோல், அதே சொரசொரப்பு, இடையில் ஒரு பிளவுகூட இல்லை. ஏழெட்டுக் கிழங்கு இல்லை. ஒன்று. பத்து வாரம் இரண்டு பேர் வயிறு நிறையத் தின்றும், அது பக்கவாட்டில் ஒரு பள்ளம் மட்டும் விழுந்து, அசையாமல் கிடந்தது. அவள் அதன் மேல் கன்னத்தை வைத்துப் படுத்துவிட்டாள். ஈரமாக, குளிர்ச்சியாக, அவளைவிட நீளமாக இருந்தது. கோயிலில்கூட அவள் இப்படி விழுந்து கிடந்ததில்லை. கடவுளே, இத்தனையும் ஒரு கையளவு விதைத்துண்டிலிருந்தா என்று வாய்விட்டுச் சொன்னாள். பிறகுதான் தான் செய்தது என்னவென்று உறைத்தது. பெரிய விருந்துக்கு, பெருந்தலைவர் முன்னால் வைக்க, மூன்றாவது பட்டத்துக்கு என்று அவன் வளர்த்ததை, அவள் கத்தியால் அரிந்து அரிந்து அவனுக்கே ஊட்டியிருக்கிறாள். அழுகை வந்தது, நன்றாக அழுதாள். அழுது முடித்துவிட்டு, மதியத்துக்கு வேறொன்றும் இல்லையே என்று ஒரு துண்டு வெட்டிச் சாம்பலைப் பூசிக்கொண்டு இறங்கினாள்.

தட்டை அவன் முன்னால் வைத்தாள். சொல்லிவிட வேண்டும் என்று வழியெல்லாம் வார்த்தை தேடியிருந்தாள். கிழங்கைப் பற்றிப் புருஷனிடம் பேச அவளுக்கு வார்த்தையே யாரும் கற்றுக்கொடுக்கவில்லை. சோனிஸ் அவள் நகக்கண்ணில் இருந்த மண்ணைப் பார்த்தான், வீங்கிய கண்ணைப் பார்த்தான். ஒரு துண்டைப் பிட்டு வாயில் போட்டுக்கொண்டான்.

"எந்தப் பக்கமா வெட்டுற?" என்றான்.

அவள் விரல்களை மடக்கிக்கொண்டாள். "ஆத்துப் பக்கமா."

"சரி. மலைப் பக்கம் கத்தி வைக்காத. தலை அங்க இருக்கு."

"எப்பத் தெரியும் உங்களுக்கு?"

"மொதக் கவளத்துல."

"அப்புறம் ஏன் சொல்லல?"

சோனிஸ் நிதானமாக மென்றான். "கிழங்கப் பத்திப் பேசுறது மரியாதை இல்லையே," என்றான். உதட்டோரம் சிரிப்பு தெரிந்தது, கண்ணில் இல்லை. தட்டைச் சுத்தமாகத் துடைத்துத் தின்றுவிட்டு, கட்டுப் போட்ட பாதத்தைக் கட்டிலிலிருந்து இறக்கித் தரையில் வைத்து, அதையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தான். எசெலினா தட்டை எடுக்க மறந்து நின்றாள். தெரிந்தே தின்றிருக்கிறான். ஒவ்வொரு கவளமும் என்ன என்று தெரிந்து, மறுக்காமல், குறை சொல்லாமல், இன்னும் கொஞ்சம் போடு என்று கேட்டுத் தின்றிருக்கிறான். முப்பது வருடம் கூட வாழ்ந்தும் இவனை இப்போதுதான் பார்க்கிறோம் என்று அவளுக்குத் தோன்றியது.

இனி அதை விருந்துக்குக் கொண்டுபோக மாட்டான், சத்தமில்லாமல் வீட்டோடு வைத்துத் தின்று முடிப்போம் என்றுதான் அவள் நினைத்தாள். பெரிய விருந்து, டாக்டர் குறித்த திங்கட்கிழமைக்கு முன்பே வந்தது. அதற்கு முந்தைய நாள் அவன் அவள் தம்பி தாமியானைக் கூப்பிட்டனுப்பினான். தாமியான் ஏழு பேரோடு மலைக்குப் போனான். காலையில் தோண்டத் தொடங்கியவர்கள் பொழுது சாயத்தான் அதைக் குழியிலிருந்து தூக்கிச் சட்டத்தில் வைத்துக் கட்டி முடித்தார்கள். மறுபடி முளைப்பதற்காகத் தலையை மட்டும் வெட்டி, கொடியோடு, அதே மெத்தையில் திரும்பப் புதைத்தார்கள். மறுநாள் காலை எட்டுப் பேர் தோளில் அது வீட்டு வாசலுக்கு வந்தபோது, ஒரு ஆள் சுருண்டு படுக்கலாம் போல் பக்கவாட்டில் பள்ளம், அதில் பத்து வாரத்துச் சாம்பல் படை படையாக. தாமியான் அக்காவைப் பார்க்கவில்லை, பள்ளத்தையும் பார்க்கவில்லை, வானத்தைப் பார்த்துக்கொண்டு கேட்டான்.

"அத்தான், இந்தப் பக்கத்தக் கீழ போட்டுக் கட்டிறவா? எலையப் போட்டு மூடுனா ஒருத்தருக்கும் தெரியாது."

"வேணாம். மேல இருக்கட்டும்," என்றான் சோனிஸ்.

விருந்துக்கூடம் நிரம்பி வழிந்தது. மூன்று பக்கமும் உயர்ந்த மேடை, நடுவில் மண் தரை. சக்காவ் என்கிற விருந்துப் பானத்துக்கு வேரை இடிக்கிற கல்லின் ஓசை மணி அடிப்பது போலக் கேட்டுக்கொண்டிருந்தது. மேடையின் தலைப்பக்கத்தில் பெருந்தலைவர் மலர்வளையம் சூடி உட்கார்ந்திருந்தார். ஒரு மூலையில் பன்றிகள், இன்னொரு மூலையில் அரிசி மூட்டைகளும் டப்பாப் பெட்டிகளும். எசெலினா கொண்டுவந்து இறக்கிய நீல நூல் மூட்டையும் அங்கேதான் இருந்தது. கிழங்குகள் ஒவ்வொன்றாக உள்ளே வந்தன. நாலு பேர் தூக்கி வந்தது, ஐந்து பேர் தூக்கி வந்தது. ஒவ்வொன்றுக்கும் உரியவன் முன்னால் வந்து, எல்லோரும் சொல்வது போல, சின்னதுதான், எலி தின்ற மிச்சம் என்று தலைகுனிந்து சொன்னான்.

பிறகு வாசலில் இருந்தவர்கள் விலகினார்கள். எட்டுப் பேர் பக்கவாட்டாகத் திரும்பித் திரும்பி, தூணில் இடிக்காமல், அதை உள்ளே கொண்டுவந்தார்கள். இடிகல்லின் ஓசை நின்றது. அவ்வளவு பெரியதை அங்கிருந்த யாரும் பார்த்ததில்லை. யாரும் அப்படிச் சொல்லவில்லை, சொல்லவும் கூடாது. பள்ளம் பெருந்தலைவரின் பக்கம் திரும்பியிருந்தது. பெருந்தலைவருக்கு முன்னால் கடித்த பண்டத்தை வைக்கிற வழக்கம் இந்தத் தீவு உண்டான நாளிலிருந்து கிடையாது. எசெலினா பெண்கள் பக்கத்தில் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

சோனிஸ் சாலையில் வண்டியை விட்டு இறங்கியதிலிருந்து யார் தோளையும் பிடிக்காமல் நடந்து வந்திருந்தான். கிழங்குக்கு முன்னால் வந்து நின்றான். தலையைக் குனிந்தான்.

"சின்னதுதான்," என்றான். "நான் தின்ன மிச்சம்."

யாரும் சிரிக்கவில்லை. கூரையில் மழை பிடித்துக்கொண்டது. அத்தனை கண்களும் அந்தப் பள்ளத்துக்குப் போய், போகக் கூடாத இடம் என்று உடனே விலகின. மற்றவன் கிழங்கைப் பார்க்காமல் வேறெங்கே பார்ப்பது என்று தெரியாமல், பழகிய வழக்கப்படி எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். மேடையிலிருந்து பெருந்தலைவரும் பார்வையைத் தாழ்த்தினார். பட்டங்களைக் கூவி அழைக்கிறவர், பட்டம் உண்டா இல்லையா என்று தெரிய, மூச்சை இழுத்துக்கொண்டு அவர் முகத்தையே பார்த்துக் காத்திருந்தார். பெருந்தலைவர் நிமிரவில்லை. அவர் பார்க்கிற இடத்தை எசெலினாவும் பார்த்தாள். ஈர மண்ணில் சோனிஸின் இரண்டு பாதங்களும் அகன்று ஊன்றியிருந்தன, இடது பாதத்தில் கட்டுக்கு வெளியே ஐந்து விரல்களும் மண்ணைப் பிடித்துக்கொண்டிருந்தன.